பானை ஏன் மிதக்கிறது?

கேள்வி: ஆக்மென்டட் ரியாலிட்டி (கேமராவில் தெரியும் நிஜக் காட்சிமேல் கணினி உருவத்தைச் சேர்த்துக் காட்டும் நுட்பம்) வசதியுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் போனை நீட்டினால், உடைந்த பானைமேல் முழுப் பானையின் உருவம் தெரிகிறது. ஆனால் அது நகர்ந்து நகர்ந்து போகிறது. போனில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் வெளிச்சமும் கண்ணாடியும்தான் காரணம். கேமரா படத்தில் தெரியும் மூலை, கோடு, புள்ளி போன்ற அடையாளங்களையும் போனின் அசைவு உணரிகளையும் வைத்தே செயலி இடத்தைக் கணிக்கிறது. தொல்பொருள்களைக் காக்க விளக்கை மங்கலாக வைப்பார்கள். அந்த இருட்டில் அடையாளங்கள் சிக்குவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் விழும் பிரதிபலிப்போ நாம் நகர நகரத் தானும் நகரும். பாவம், செயலி குழம்பிவிடுகிறது.

லென்ஸைத் துடைத்துவிட்டு, கண்ணாடிக்குச் சற்றுச் சாய்வாக நின்று, போனை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். நின்ற இடத்திலேயே சுழற்றினால் ஆழம் பிடிபடாது. அப்படியும் விலகினால் செயலியை மூடித் திறப்பதே வேகமான வழி.

ஏஆர்கோர் (ஆண்ட்ராய்டு போனில் இந்த நுட்பத்தை இயக்கும் கூகுள் மென்பொருள்) பயன்படுத்தும் செயலிக்கு குறைந்தது ஆண்ட்ராய்டு 7 வேண்டும். அப்போதும் எல்லா மாடலிலும் ஓடாது. பதிவிறக்கத்தை வீட்டிலேயே முடியுங்கள். சார்ஜ் வேகமாகக் கரையும், பவர் பேங்க் அவசியம்.

இன்னொன்று: திரையில் தெரியும் விடுபட்ட பாகம் ஆய்வாளர்களின் ஊகம். அசல் பானைத் துண்டை முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள்.