வேலி தகராறு: எந்த அளவை கேக்கணும்?

கேள்வி: எங்கப்பா 1998-ல 12 சென்ட் வாங்கினாரு, பத்திரத்துலயும் அப்படித்தான் இருக்கு. இப்ப பக்கத்து நிலத்துக்காரர் கல்லுக்கால் நட்டு வேலி போட ஆரம்பிச்சுட்டாரு. பிரைவேட் சர்வேயர வச்சு அளந்தா 11.25 சென்ட்தான் வருது. அந்த பிளான காட்டினா செல்லாதுங்குறாரு. என்ன பண்றது?
- வாசகர், செஞ்சி

பதில்: முக்கால் சென்ட்னா கிட்டத்தட்ட 327 சதுர அடிங்க, நீங்க பதறுறது நியாயம்தான். ஆனா அவர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. பிரைவேட் சர்வேயர் அளந்தது இப்ப உங்க கையில எவ்வளவு இடம் இருக்குன்னுதான் சொல்லும், சர்க்கார் கணக்குல எல்லை எங்க போகுதுன்னு முடிவு பண்ற அதிகாரம் அவருக்கு கிடையாது.

மொதல்ல அரசு இ-சர்வீஸ் தளத்துல உங்க பட்டாவையும் எஃப்எம்பி, அதாவது புலப்படத்தையும் எடுத்து பாருங்க. படத்துல ஒவ்வொரு பக்கத்து நீளமும் மீட்டர்ல போட்டிருக்கும், பரப்பு பட்டாவுல ஏர்ஸ்ல இருக்கும், 12 சென்ட்னா சுமாரா 4.86 ஏர்ஸ் வரணும். அங்கயே கொறைஞ்சிருந்தா இது வேலி பிரச்சினை இல்ல, ரெக்கார்டுல இருக்குற பிரச்சினை, அதுக்கு வழியே வேற.

படம் சரியா இருந்தா பணம் கட்டி எஃப்-லைன் மனு, அதாவது எல்லைய அளந்து காட்டச் சொல்ற மனு போடுங்க. அரசு சர்வேயர் பக்கத்துக்காரருக்கும் நோட்டீஸ் குடுத்துட்டு வந்து, இருக்குற சர்வே கல்லுல இருந்து படத்துல உள்ள அளவ வச்சு அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டுவாரு.

இங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க, பட்டா கூட்டுப் பட்டாவா இருந்து உங்க பங்குக்கு தனி சப்-டிவிஷன் நம்பர் இல்லைன்னா எஃப்-லைன்ல மொத்த புலத்தோட வெளி எல்லைய மட்டும்தான் காட்ட முடியும், உள்ள உங்க பங்கு எதுன்னு படத்துலயே கோடு இல்லையே, அவரு எப்படி காட்டுவாரு? அப்படின்னா உட்பிரிவு பண்ணி தனிப்பட்டா வாங்குற வேலைதான் முதல்ல.

சர்வேயர் காட்டுன எல்லைய பக்கத்துக்காரர் ஏத்துக்கலைன்னா இல்ல உரிமையே தகராறுன்னா சிவில் கோர்ட்டுதான், அங்க உங்க பத்திரத்துல இருக்குற நாலு பக்க எல்லை விவரமும் ரொம்ப முக்கியம். அதுவரைக்கும் அவர் நட்ட காலையும் பிடுங்காதீங்க, பழைய சர்வே கல்லையும் யாரையும் தொட விடாதீங்க, இன்னைக்கே அது எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க.