மேக்கில் ஒரு நிறம், சர்வரில் ஒரு நிறம்: செலினியம் ஸ்கிரீன்ஷாட்

வணக்கம் நண்பரே. பாயான் லெப்பாஸ் அலுவலக மேக்புக் ப்ரோவில் செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கி வலைப்பக்கத்தைச் சோதிக்கும் கருவி) எடுத்த படமும் லினக்ஸ் சர்வர் எடுத்த படமும் நிறத்தில் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். பக்கத்தின் நிறத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் தேடாதீர்கள், குறை அங்கே இல்லை. குரோம் திரையின் வண்ண ப்ரொஃபைலைப் பார்த்து நிறத்தை மாற்றிவிடும். அந்தத் திரை பி3 வகை (வழக்கமான எஸ்ஆர்ஜிபி தரத்தைவிட அதிக நிறங்கள் காட்டுவது) என்றால், சிவப்பு, பச்சை, நீல அளவில் 255,0,0 என்ற சுத்தச் சிவப்பு கிட்டத்தட்ட 234,51,35 ஆகப் பதிவாகும். வெளி மானிட்டர் செருகினால் வேறு எண் வரலாம்.

குரோம் ஆப்ஷன்ஸில், முன்னால் இரண்டு கோடு போட்டு, ஃபோர்ஸ்-கலர்-ப்ரொஃபைல்=எஸ்ஆர்ஜிபி என்று சேருங்கள். செலினியம் போன்ற இன்னொரு கருவியான பப்பெட்டியர் இதைத் தானே சேர்த்துக்கொள்ளும், செலினியம் சேர்க்காது. அப்புறம் பழைய ஒப்பீட்டுப் படங்களை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். வித்தியாச வரம்பைக் கூட்டி டெஸ்ட்டைப் பாஸாக்க மட்டும் வேண்டாம். நிஜமாகவே பட்டன் நிறம் மாறும்போது அது தெரியாமலே போய்விடும்.