ஜனவரியில் பெற்றோரோடு டெல்லி, ஆக்ரா, காசி, சிம்லா போகலாமா?

கேள்வி இது: "பொங்கல் விடுமுறையை ஒட்டி ஜனவரி 10 முதல் 12 நாட்கள், அப்பா (68), அம்மா (63), மனைவி, இரண்டு பிள்ளைகளோடு டெல்லி, ஆக்ரா, காசி, சிம்லா போகிறோம். குளிர் எவ்வளவு இருக்கும்? ஆளுக்கு எத்தனை ஸ்வெட்டர் வேண்டும்?"

ஸ்வெட்டர் கணக்கைப் பிறகு சொல்கிறேன். டெல்லியில் 14 குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற உரிமையில் முதலில் உங்கள் திட்டத்தின் மேலேயே கை வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குளிரைப் போர்த்திக்கொண்டு சமாளித்துவிடலாம். அங்கே ஜனவரியில் உங்கள் நாட்களைத் தின்பது மூடுபனி.

நமக்கு எல்லாமே பனிதான். விடியற்காலையில் புல்லின் மேல் நிற்பதும் பனி, ஊட்டியில் தலைக்குந்தாப் பக்கம் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. இந்திக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: புல்லில் நிற்பது ஓஸ், பயிரைக் கருக்குவது பாலா, மலையில் விழுவது பர்ஃப், ரயிலை நிறுத்துவது கோஹ்ரா. டெல்லியில் தெரிந்தவர் யாராவது இருந்தால், குளிர் எப்படி என்று கேட்காதீர்கள். கோஹ்ரா எப்படி என்று கேளுங்கள்.

ஒரு ஜனவரியில் என் பெற்றோர் சென்னையிலிருந்து வந்தார்கள். அப்பா ஒரு நோட்டில் பத்து நாள் பயணத்தையும் மணிவாரியாக எழுதி வைத்திருந்தார். காலை 7 மணிக்கு வர வேண்டிய ரயில் இரவு 9 மணிக்கு வந்தது. ஆக்ராவைத் தாண்டியதிலிருந்து வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்ததாம். உணவுப் பெட்டியில் மதியத்துக்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பர். கம்பளி தர மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், ஜன்னல் இடுக்கில் வரும் காற்று எப்படி இருக்கும் என்பது தெரியாது. அம்மா ஒரு நூல் புடவையும் ஒரு சால்வையுமாக இறங்கினார். மறுநாள் பிடித்த இருமல் பத்து நாள் நீடித்தது. காசிக்கு எடுத்திருந்த ரயிலும் மூடுபனியால் ரத்தானது. அம்மா காசியைப் பார்த்தது நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு மார்ச் மாதத்தில். அப்போது அப்பா இல்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்த அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மலையில் பனிப்பொழிவு, சமவெளியில் மழை. அவை கடந்துபோனதும் வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது, ஈர நிலம் இரவில் சட்டென்று குளிர்கிறது. பஞ்சாபிலிருந்து பீகார் வரை பாசன வயல்கள் வேறு. நிலத்தை ஒட்டிய ஈரக் காற்று புகையோடும் தூசியோடும் சேர்ந்து வெள்ளைச் சுவராக நின்றுவிடுகிறது. சாதாரண நாளில் 11 மணி வாக்கில் விலகும். விலகாத நாளில் சூரியனே தெரியாது. டெல்லியில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை பகலில் 20 டிகிரி, இரவில் 7 டிகிரி அளவில் இருக்கும். அந்த 20 வெயில் அடித்தால்தான். மூடுபனி கலையாத நாளில் பகலிலேயே 13, 14 டிகிரியைத் தாண்டாது, வீட்டுக்குள் கை விரல் விறைத்தபடியே இருக்கும்.

உங்களுக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒன்று: நீங்கள் அதிகம் பயப்படும் சிம்லா இந்த விஷயத்தில் டெல்லியைவிட நல்லது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூடுபனி அதற்குக் கீழேயே தங்கிவிடுகிறது. சமவெளி சூரியனைப் பார்க்காமல் நடுங்கும் நாட்களில் சிம்லா மால் சாலையில் வெயில் காய்ந்துகொண்டு வேர்க்கடலை தின்னலாம். சில இரவுகளில் சிம்லாவைவிட அமிர்தசரஸில் வெப்பநிலை குறைவாகப் பதிவாவதும் உண்டு. பிள்ளைகளிடம் மட்டும் பனிப்பொழிவை உறுதியளித்துவிடாதீர்கள். அது மேற்கத்திய இடையூறு வரும் நாளில் மட்டும்தான் விழும். சிம்லாவில் இல்லாவிட்டாலும் இன்னும் உயரத்திலுள்ள குஃப்ரியிலோ நார்கண்டாவிலோ கிடைக்க வாய்ப்பு அதிகம். பனி விழுந்த மறுநாள் காலையில் காரை எடுக்கச் சொல்லாதீர்கள். பகலில் உருகி இரவில் உறைந்த நீர் தார்ச்சாலையில் கண்ணாடி போலப் படர்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. வெயில் ஏறி 11 மணியானதும் புறப்படுங்கள். கல்கா – சிம்லா மலை ரயிலைத் தவறவிடாதீர்கள். 1903இல் தொடங்கிய 96 கி.மீ. பாதை, நூற்றுக்கும் மேற்பட்ட குகைப் பாதைகள். உங்கள் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள்.

இனிப் போக்குவரத்து. பெற்றோருக்கு வசதி இருந்தால் சென்னையிலிருந்து விமானத்தில் கூட்டிப் போங்கள், அதுவும் பிற்பகல் 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் டெல்லியில் இறங்கும் விமானமாக. டெல்லி விமான நிலையத்தில் 50 மீட்டர் பார்வைத் தொலைவிலும் இறங்கும் கருவி வசதி உண்டு. ஆனால் விமானத்துக்கும் அதற்கான தகுதி வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். அதனால்தான் ஒரே நேரத்தில் ஒரு விமானம் இறங்குகிறது, இன்னொன்று ஜெய்ப்பூருக்குத் திருப்பி விடப்படுகிறது. மேலெழும்புவதற்கு இறங்குவதைவிடக் கூடுதல் பார்வைத் தொலைவு வேண்டும், எனவே காலை 6 மணி, 7 மணி விமானங்கள் கிளம்ப முடியாமல் விமான நிலையத்திலேயே காத்துக் கிடக்கும். மலிவு என்று அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். திரும்பும்போதும் பிற்பகல்தான். நீங்கள் ஊர் திரும்பும் வாரத்தில் குடியரசு தின ஒத்திகைகள் வேறு தொடங்கிவிடும்; அந்த நாட்களில் முற்பகலில் சில மணி நேரம் டெல்லி வான்வெளியையே மூடிவிடுகிறார்கள்.

ரயில்தான் என்றால் மூன்றாம் வகுப்பு ஏசியாவது எடுங்கள், கம்பளியும் விரிப்பும் தருவார்கள். இறங்கும் நாளில் வேறு எந்த டிக்கெட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவி இப்போது என்ஜின்களில் இருக்கிறது, இருந்தும் அடர்ந்த மூடுபனியில் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். போன ரயில் தாமதமானால் அதே பெட்டிகள் திரும்பிவரும் ரயிலும் தாமதமாகும். ஊர் திரும்பும்போது இதை மறந்துவிடுகிறோம். நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணம் செய்யாமல் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். ஆனால் அந்த ரயில் உண்மையில் புறப்படுவதற்கு முன்பே டி.டி.ஆர். என்ற பணம் திரும்பக் கோரும் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும்.

டெல்லியிலிருந்து ஆக்ராவுக்குக் காரில் விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டால் சூரிய உதயத்தில் தாஜ்மகாலைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஜனவரியில் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். யமுனா விரைவுச் சாலையில் கார்களின் வேக வரம்பையே குளிர்காலத்தில் 100 கி.மீ.யிலிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள், அப்படியும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் மோதுவதை ஆண்டுதோறும் செய்தியில் படிக்கிறோம். உயிரைப் பணயம் வைத்துப் போய் நின்றாலும் 20 அடிக்கு அப்பால் வெள்ளைத் திரைதான் தெரியும், தாஜ்மகால் தெரியாது. 11 மணிக்குக் கிளம்புங்கள், ஆக்ராவில் ஓர் இரவு தங்குங்கள், பிற்பகல் 3 மணி வெயிலில் பாருங்கள். அன்று மூடுபனி என்றால் மறுநாள் பிற்பகல் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் விடுமுறை.

காசியைப் பற்றி எழுத மனம் தயங்குகிறது, ஏனென்றால் உங்கள் அப்பா அம்மா முக்கியமாக நினைப்பது அதைத்தான் என்று ஊகிக்கிறேன். தை அமாவாசையன்று கங்கையில் முழுக வேண்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் ஆசை. வடக்கே அதே நாள்தான் மௌனி அமாவாசை. பிரயாக்ராஜில் ஆண்டுதோறும் நடக்கும் மாக மேளாவின் மிகப் பெரிய நீராடல் நாள் அது. சில ஆண்டுகளில் உங்கள் தேதிகளுக்குள்ளேயே வந்துவிடும். அன்று காசிக்கும் பிரயாக்ராஜுக்கும் இடையில் ரயிலில் நிற்க இடம் இருக்காது, ஆற்றில் பனிப்புகை, படித்துறைக் கல் சில்லிட்டுக் கிடக்கும். 68 வயதுக்காரரை அந்த நெரிசலுக்குள் கூட்டிப்போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். காசியை இந்தப் பயணத்திலிருந்து பிரித்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஐந்து நாள் தனியாகப் போய்வாருங்கள். படகில் விடியலைப் பார்ப்பார்கள், அவசரமில்லாமல் தரிசனம் செய்வார்கள்.

காசி இல்லாத இந்த 12 நாட்களை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: டெல்லி மூன்று, ஆக்ரா இரண்டு, சிம்லா நான்கு, மூன்று நாட்கள் வெறுமனே. அந்த மூன்று நாட்களும் மூடுபனிக்கானவை. அது எடுத்துக்கொள்ளாவிட்டால் ஜெய்ப்பூருக்குப் போங்கள்.

வடக்குதான் என்ற பிடிவாதம் இல்லையென்றால், இதே நாட்களில் குஜராத் எனக்கு இன்னும் பிடித்த யோசனை. பகலில் 27, 28 டிகிரி, இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், மூடுபனித் தொல்லை குறைவு. ஜனவரி 14 அன்று அகமதாபாத்தில் உத்தராயண். ஊரே மொட்டை மாடியில் நின்று பட்டம் விடும், வீட்டுக்கு வீடு உந்தியு என்ற காய்கறிக் கூட்டு மணக்கும். அன்று இருசக்கர வண்டியில் மட்டும் ஏறாதீர்கள், பட்டத்தின் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துவிடும். பெரியவர்களுக்குத் துவாரகையும் சோமநாதரும், பிள்ளைகளுக்குக் கட்ச் வெள்ளைப் பாலைவனமும் இருக்கின்றன. உப்பு நிலத்தில் இரவில் நல்ல குளிர் இருக்கும், அது ஒன்றுதான்.

பிள்ளைகள் காஷ்மீர் கேட்டால் இந்த முறை வேண்டாம். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையான 40 நாட்களை அங்கே சில்லை கலான் என்பார்கள், ஆண்டின் கடுங்குளிர்க் காலம். ஸ்ரீநகரில் இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், குழாயில் நீர் உறையும். இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம். உங்கள் பெற்றோருக்கு அப்படி இருக்காது.

சரி, ஸ்வெட்டர். ஆளுக்கு இரண்டு போதும். அதைவிட முக்கியம் உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை இரண்டு ஜோடி, மேலே காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கம்பளிக் காலுறை நான்கு ஜோடி. அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் பாவாடைக்குள் கம்பளி லெக்கிங்ஸ் அவசியம். குளிர் காலிலிருந்துதான் ஏறுகிறது. சென்னையில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம், டெல்லி சரோஜினி நகர் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும், வாயகன்ற டப்பாவில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

விடுதியில் அறைக்கு ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முன்பே கேளுங்கள். நம்மூர் போலவே அங்கும் சுவரும் தரையும் வெயிலுக்காகக் கட்டியவை, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடக் குளிராகத் தோன்றும். யாராவது அன்பாக அங்கீட்டி என்ற கரிக் கணப்பைக் கொண்டுவந்து வைத்தால், கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பமாகத் தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், அப்பாவின் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கிளம்பும் முன் ஒருமுறை பேசிவிடுங்கள். யாருக்காவது இழுப்பு இருந்தால் டெல்லியை இரண்டு நாளாகக் குறைத்துச் சிம்லாவை ஐந்தாக்குங்கள், டெல்லியின் ஜனவரிக் காற்று நெஞ்சுக்கு நல்லதில்லை.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஜனவரி 10ஆம் தேதி டிக்கெட் நவம்பர் 11 காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல் வாரம் என்பதால் அன்றே உட்கார்ந்து, பெற்றோர் இருவருக்கும் கீழ்ப் படுக்கை கேட்டு எடுத்துவிடுங்கள்.