50 ஓம் ஹெட்போனும் வால்வு ஆம்பும்

அன்புள்ள ஐயா,

பல்லடத்துக்கு அருகே விசைத்தறி நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கர்நாடக இசையும் நாகசுரமும் விரும்பிக் கேட்பேன். நெடுநாள் சேர்த்த பணத்தில் ஹைஃபைமேன் எச்இ6எஸ்இ ஹெட்போன் வாங்கினேன். கோவையில் உள்ள நண்பர் சென்ஹைசர் எச்டி 650 வைத்திருக்கிறார். அதை ஒரு வால்வு ஆம்பில், அதாவது வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபையரில், கேட்கிறார். அந்த ஒலியில் மயங்கிப்போனேன். ஆனால் அதே ஆம்பில் என் ஹெட்போனைச் செருகியதும் சத்தம் மெலிந்து, மிருதங்கம் தெம்பில்லாமல் கேட்டது. அவருடையது 300 ஓம், என்னுடையது 50 ஓம். ஓம் குறைவாக இருந்தால் இயக்குவது எளிது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? கடைக்காரர் அதே வகையில் இன்னும் விலை கூடிய வால்வு ஆம்பை வாங்கச் சொல்கிறார். தறி ஓடும் இடத்தில் மின்சாரம் சுத்தமாக இருக்காது என்பதால் அதற்கும் ஒரு தனிக் கருவி வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?

க., பல்லடம்

அன்புள்ள க.,

அந்த வால்வு ஆம்பை வாங்க வேண்டாம். உங்கள் காதும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது, ஹெட்போனிலும் பழுதில்லை. பிழை உங்கள் ஹெட்போனையும் அந்த ஆம்பையும் ஒன்றோடு ஒன்று சேர்த்ததில் இருக்கிறது.

ஓம் என்பது ஹெட்போன் மின்னோட்டத்துக்குத் தரும் தடையை மட்டுமே சொல்கிறது. கிடைத்த மின்திறனை அது எவ்வளவு ஒலியாக மாற்றுகிறது என்பதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி என்ற இன்னொரு அளவு. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒரு ஹெட்போனை இயக்குவது எளிதா கடினமா என்று யாராலும் சொல்ல முடியாது. இதில் ஒரு பொறியும் உண்டு. எச்டி 650-க்கு 103 டெசிபெல் என்று போட்டிருப்பது 1 வோல்ட் கொடுத்தால் வரும் ஒலி. உங்கள் ஹெட்போனுக்குப் போட்டிருக்கும் 83.5 டெசிபெல் 1 மில்லிவாட்டுக்கான கணக்கு. ஒரே அளவுக்கு மாற்றினால் எச்டி 650 ஒரு மில்லிவாட்டில் ஏறத்தாழ 98 டெசிபெல் தரும். அதாவது அதே சத்தத்துக்கு உங்கள் ஹெட்போன் சுமார் 27 மடங்கு மின்திறனைக் கேட்கிறது. இது தயாரிப்பின் குறை அல்ல. உங்களுடையது பிளானார் வகை. அதில் மெல்லிய படலம் ஒன்றின் மேல் கடத்தியைப் பரப்பி, அந்தப் படலம் முழுவதையும் காந்தப்புலத்தில் ஒரே சீராக அசைக்கிறார்கள். அந்தச் சீர்மைக்கு விலையாகத் திறன் செலவாகிறது, சிலவற்றில் கூடுதலாக.

இதை எண்களாகவே பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஆம்ப் தேர்வு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. நாகசுரக் கச்சேரி ஒன்றைச் சராசரியாக 80 டெசிபெல்லில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவிலின் ஓர் அடி அந்தச் சராசரியிலிருந்து 20, சில வேளை 30 டெசிபெல் மேலே எழுந்து கணப்பொழுதில் மறையும். அந்த 110 டெசிபெல் உச்சத்தைச் சிதையாமல் கொடுக்க எச்டி 650-க்கு ஏறக்குறைய 2.2 வோல்ட்டும் 7.5 மில்லிஆம்பியரும் போதும், 17 மில்லிவாட்டில் வேலை முடிந்துவிடும். உங்களுடையதற்கு 4.7 வோல்ட்டும் 95 மில்லிஆம்பியரும் வேண்டும், அதாவது 450 மில்லிவாட். வோல்ட் இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது. மின்னோட்டமோ 12 மடங்குக்கு மேல் கூடிவிட்டது. உங்கள் நண்பரின் ஆம்ப் தடுமாறியது இந்த இடத்தில்.

நம் பக்கத்தில் போர்வெல்லுக்கு மோட்டார் இறக்குபவர் யாரும் எத்தனை எச்.பி. என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்கி வருவதில்லை. எத்தனை அடி ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று இரண்டையும் கேட்கிறார். வோல்ட் அந்த ஆழத்தைப் போன்றது, மின்னோட்டம் தண்ணீரின் அளவைப் போன்றது. எச்டி 650 ஆழமான போர், அதற்குச் சிறிதளவு தண்ணீர் போதும். உங்களுடையது அதைப்போல இரு மடங்கு ஆழமானது, அத்துடன் வாய்க்கால் நிறையத் தண்ணீர் கேட்கிறது.

உங்கள் நண்பர் வைத்திருப்பது போன்ற வால்வு ஆம்ப்களில் பல, வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. வால்விலிருந்து வோல்ட் தாராளமாக வரும், மின்னோட்டம் தயங்கித்தான் வரும். அத்துடன் அவற்றின் வெளியீட்டுத் தடை, அதாவது ஹெட்போனுக்கு முன்பே ஆம்புக்குள் இருக்கும் தடை, 100 ஓமைச் சுற்றி இருப்பது சாதாரணம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 61938 என்ற தரநிலை ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓமைப் பரிந்துரைத்த காலம்கூட உண்டு. 120 ஓம் வெளியீட்டில் 300 ஓம் ஹெட்போனைச் செருகினால், ஆம்ப் உருவாக்கும் வோல்ட்டில் 71 விழுக்காடு ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். 50 ஓம் ஹெட்போனுக்கு 29 விழுக்காடுதான். மீதி முழுவதும் ஆம்புக்குள்ளேயே வீணாகிறது. இருக்கும் கொஞ்சத்திலும் பத்து டெசிபெல்லுக்கு மேல் இப்படி இழந்த பிறகு, வால்வு தன் எல்லையைத் தொட்டு அடியின் உச்சியை மழுக்குகிறது. நீங்கள் தெம்பில்லை என்று எழுதியது இதைத்தான்.

உங்களை மயக்கிய அந்த ஒலிக்கும் இதே தடைதான் காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எச்டி 650-இன் தடை எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓமாக இருப்பதில்லை. 80 ஹெர்ட்ஸ் அருகே 500 ஓமை நெருங்கும். தடை ஏறும் இடத்தில் வோல்ட்டின் பெரும்பங்கு ஹெட்போனுக்கு வருவதால் அந்தத் தாழ்ந்த பகுதி மட்டும் சுமார் 1 டெசிபெல் உயர்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கும் தம்புராவின் கீழ்ச் சுருதிக்கும் அதனால் ஒரு வெதுவெதுப்பு வருகிறது. வால்வுக்கே உரிய மென்மையான சிதைவும் அதோடு சேரும். பிளானாரின் தடை கீழிருந்து மேல்வரை ஒரே கோடாகப் போவதால் இந்த உயர்வு உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து அதே வகை ஆம்பை வாங்கினாலும் நண்பர் வீட்டில் கேட்ட ஒலி உங்கள் ஹெட்போனில் வராது. அந்த ஒலிதான் வேண்டும் என்று மனம் சொன்னால் எச்டி 650-ஐயே வாங்குங்கள். அது நல்ல முடிவாகவும் இருக்கும்.

இருக்கும் ஹெட்போனை வைத்துக்கொள்வதானால் டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று வாங்குங்கள். வெளியீட்டுத் தடை 1 ஓமுக்குக் கீழே இருக்கட்டும், இன்று விலை குறைந்தவற்றிலேயே அது கிடைக்கிறது. 32 ஓமுக்கு 2 வாட் என்று நேர்மையாகத் தரும் ஆம்ப், 8 வோல்ட் தருகிறது என்று பொருள். அதே 8 வோல்ட் உங்கள் 50 ஓமுக்கு 1.28 வாட், ஒலியில் 114 டெசிபெல்லுக்கு மேல். இதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. 4 வாட், 6 வாட் என்று ஏறும் விளம்பரங்களைக் கண்டு மயங்காதீர்கள், ஏனென்றால் வாட் இரட்டிப்பானால் காதுக்கு வருவது 3 டெசிபெல் மட்டுமே. 16 ஓமுக்கு மட்டும் வாட் எழுதி மற்றதை எழுதாத ஆம்பை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு காதுக்கும் எதிரெதிராக இயங்கும் இரண்டு ஆம்ப் சுற்றுகள் கொண்ட பேலன்ஸ்டு வெளியீட்டில் வோல்ட் இரட்டிப்பாகும். சாதாரண வெளியீடு போதாத ஆம்பில் அது உதவும், போதுமான ஆம்பில் அதற்காகத் தனிக் கேபிள் வாங்குவது வீண் செலவு.

இந்த ஹெட்போனை ஸ்பீக்கர் ஆம்பிலேயே இணைத்துக் கேட்பவர்கள் உலகெங்கும் உண்டு, பலன் கிடைப்பதும் உண்மைதான். ஆனாலும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது வரும் சிறிய ஸ்பீக்கர் ஆம்ப்களில் பலவற்றில் இடது, வலது இரண்டின் எதிர்முனைகளும் பொதுவானவை அல்ல. மூன்று முனை ஜாக்கில் அவற்றை ஒன்றாகச் சேர்த்தால் ஆம்ப் கருகிவிடலாம். பொத்தானை அறியாமல் கூட்டிவிட்டால் ஹெட்போனும், அதற்கு முன்பே காதும் போய்விடும்.

காது என்றதும் நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதத் தோன்றுகிறது. உங்கள் ஹெட்போன் திறந்த முதுகு கொண்டது, வெளிச் சத்தம் தடையின்றி உள்ளே வரும். தறிக்கூடத்தின் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டும். கூடத்தை ஒட்டிய அறையில் அந்த இரைச்சலுக்கு மேலாக இசை கேட்க வேண்டுமானால் கை தானாகவே பொத்தானைத் திருப்பும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த எல்லை. தறியில் நிற்கும் நேரத்திலேயே உங்கள் காது அதைக் கடந்திருக்கும். ஆகவே தறி நிற்கும் நேரத்தில் மட்டும் கேளுங்கள், அல்லது கூடத்திலிருந்து தள்ளியிருக்கும் அறைக்குப் போய்விடுங்கள். தறியில் நிற்கும்போது காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒன்றில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

மின்சாரத்துக்காக எந்தக் கருவியும் இப்போது வாங்க வேண்டாம். தறி மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் சற்று இறங்குவதை ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆம்பின் பவர் சப்ளை தானே தாங்கிக்கொள்ளும். பாட்டு இல்லாத நேரத்தில் தொடர்ந்து முரலும் ஒலி கேட்டால், லேப்டாப்பிலிருந்து பாட்டு ஓட்டுவதானால் அதன் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முரல் நின்றுவிட்டால் அது சார்ஜருக்கும் ஆம்புக்கும் இடையில் எர்த் வழியாக உண்டான சுற்று, இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மின்வெட்டின்போது மட்டும் முரல் வந்தால் உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். எப்போதும் இருந்தால் எலக்ட்ரீசியனை அழைத்து வீட்டின் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கருவிக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட அதற்கு ஆகாது.