மானி போகிறவர்களுக்கு: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கிரேக்கத்தின் பெலொப்போனீஸ் பகுதியில் மூன்று விரல்கள் மாதிரி தெற்கே கடலுக்குள் நீளும் நிலத்தில் நடுவிரல்தான் மானி. மூன்று தடவை போய் வந்தவன் என்பதால் நிறைய பேர் கேட்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: படங்களில் வீடெல்லாம் கோட்டை மாதிரி இருக்கிறதே, கடற்கொள்ளையருக்குப் பயந்தா?

அதுவும் உண்டு, ஆனால் பெரிய பயம் பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான். மண்ணே இல்லாத பாறை நிலம், உழுவதற்கு ஒரு துண்டு கிடைத்தால் அதற்கே வெட்டு குத்து, ஒரு கொலைக்கு இன்னொரு கொலை என்று குடும்பப் பகை தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கிறது. எவன் கோபுரம் உயரமோ அவன் மேலேயிருந்து எதிரி வீட்டுக் கூரையில் கல்லைப் போடலாம், சுடலாம். ஆண் குழந்தையை ‘துப்பாக்கி’ என்றே சொல்வார்களாம். அறுவடை வந்தால் மட்டும் தற்காலிகச் சமாதானம். வாத்தியா கிராமத்தில் ஒரு கோபுரத்தின் அடியில் நின்று பாருங்கள், ஜன்னல் என்று பார்த்தால் கை நுழையும் அளவுக்கு ஓட்டைதான், கல் மேல் கல்லாக அப்படியே ஏறிப் போகிறது. எனக்கு அங்கே பேச்சே வரவில்லை.

கேள்வி: அண்ணா, சுதந்திரப் போர் அங்கேதான் தொடங்கியதா?

ஒட்டோமான் துருக்கியரை எதிர்த்து நடந்த அந்தப் போர் தொடங்கிய இடம் எங்களுடையது என்று வேறு ஊர்க்காரர்களும் சொல்வார்கள். மானிக்காரர்கள் தங்கள் ஊரான அரியோபோலியில் 1821 மார்ச் 17-ல் கொடி ஏற்றினார்கள், மானியின் தலைவர் பெட்ரோபே மவ்ரோமிகாலிஸ் தலைமையில் போய் 23-ம் தேதி பக்கத்து நகரமான கலமாட்டாவைப் பிடித்தார்கள். மற்றவர்கள் ‘சுதந்திரம் அல்லது மரணம்’ என்றபோது இவர்கள் கொடியில் ‘வெற்றி அல்லது மரணம்’ என்று எழுதினார்கள், நாங்கள் ஏற்கனவே சுதந்திரமானவர்கள்தானே என்று. 1826-ல் ஒட்டோமான்களுக்குத் துணையாக வந்த எகிப்தியப் படை மானியின் டீரோஸ் கரையில் இறங்கியபோது வயலில் இருந்த பெண்கள் அரிவாளோடு ஓடி வந்து விரட்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே மவ்ரோமிகாலிஸ் குடும்பத்து ஆட்கள் இருவர்தான் 1831-ல் நாட்டின் முதல் ஆளுநர் கபோதிஸ்திரியாஸை நாஃப்லியோ நகரில் தேவாலய வாசலில் கொன்றார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு போனால்தான் அந்த ஊர் புரியும்.

கேள்வி: ஒப்பாரி மாதிரி ஏதோ பாடுவார்கள் என்று கேள்விப்பட்டேன்?

ஆமாம், மிரோலோயி என்பார்கள். இறந்தவரைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் அந்த நேரத்திலேயே கட்டிப் பாடுவது. செத்தவன் குணத்தைச் சொல்வதோடு நிற்காமல், கொன்றவனைப் பழிவாங்கச் சொல்லியும் பாடுவார்கள். நம் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. டீரோஸ் குகை பார்க்க முடியுமா?

குகைக்குள் தண்ணீர் நிற்கிறது, அதனால் பெரும்பகுதி படகில்தான், ஒரு கிலோமீட்டருக்கு மேல். கூரை சில இடங்களில் அவ்வளவு தாழ்வு, படகோட்டி சொன்னதும் தலையைக் குனிய வேண்டும். படகில் ஏறி இறங்கவும் கடைசியில் கொஞ்சம் நடக்கவும் முடியும் என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: தைனாரோன் முனை அவ்வளவு தூரம் போகத் தகுமா?

கட்டாயம் போங்கள். கிரேக்கப் பெருநிலத்தின் தென்கோடி அது. பாதாள லோகத்துக்கு வாசல் அங்கே இருக்கிறது என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள், புராண வீரன் ஹெராக்ளிஸ் பாதாளத்தைக் காக்கும் மூன்று தலை நாயை இழுத்து வந்த வழியும் அதுதானாம். கடல் தெய்வமான போசைடன் கோவில் இருந்த இடத்தைத் தாண்டி நடந்தால், வேலியோ கூரையோ இல்லாமல் தரையோடு தரையாக ஒரு ரோமானியக் காலத்து மொசைக் (சிறு கற்களைப் பதித்துச் செய்த தரை ஓவியம்), அலை மாதிரி சுருள் சுருளாக, குனிந்தால் சின்னச் சின்னக் கல் ஒவ்வொன்றும் தெரியும். தயவுசெய்து மிதிக்காதீர்கள். அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை அரை மணி நேர நடை, ஒரு மரம் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

கேள்வி: எந்த மாதம்? சைவம் கிடைக்குமா?

ஏப்ரல், மே. பாறை இடுக்கெல்லாம் பூ. ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். காட்டுக்கீரையை வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி எலுமிச்சை பிழிந்து தருவார்கள், ‘ஹோர்த்தா’ என்று கேளுங்கள். அப்புறம் வண்டி வாடகைக்கு எடுத்துவிடுங்கள், பேருந்தை நம்பினால் பாதி ஊர் விட்டுப்போகும்.