பெட்டியை மாற்றினோம், இணைப்புகள் எங்கே போயின?

மின்னஞ்சல் சேவையை மாற்றியபின் இணைப்புக் கோப்புகள் திறக்காமல் அவதிப்படுவோர் கேள்விகளை அனுப்பலாம் என்று அறிவித்திருந்தேன். பரந்தனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் எனக்கு இது நாள்தோறும் வந்து சேரும் நோய்தான் என்றாலும், இத்தனை பேர் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வி என்பதால் முதலாவது பதிலை நீட்டி எழுதியிருக்கிறேன். அதை வாசித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர், ஒட்டுசுட்டான்: யாகூவிலிருந்து ஜிமெயிலுக்கு மாறினேன். பழைய கடிதங்கள் கைபேசியில் தெரிகின்றன. ஆனால் காணிப் பெர்மிற், ஓய்வூதியக் கடிதம் முதலியவற்றின் இணைப்புகளைத் தொட்டால் வளையம் சுழல்கிறதே தவிர ஒன்றும் திறக்கவில்லை. பழைய கணக்கை மூடிவிடலாமா?

ஐயா, தயவுசெய்து மூடாதீர்கள். நீங்கள் மாறியதாக நினைப்பது பெரும்பாலும் மாற்றமே அல்ல. கைபேசியிலுள்ள ஜிமெயில் செயலியில் யாகூ கணக்கையும் சேர்த்திருப்பீர்கள். இரண்டு பெட்டிகளின் கடிதங்களும் ஒரே பட்டியலில் தெரிவதால் எல்லாம் புதிய இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பழைய கடிதங்கள் இன்னும் யாகூவின் சேவையகத்திலேயே, அதாவது அவர்களுடைய கணினியிலேயே, இருக்கின்றன. கைபேசி அங்கே எட்டிப் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இணைப்பின் பெயரும் "1.8 மெகாபைற்" என்ற அளவும் திரையில் தெரிவதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். கடிதங்களைச் சேவையகத்திலேயே வைத்துப் பார்க்கும் ஐமாப் என்ற முறையில், செயலியானது கடிதத்தின் அமைப்பை மட்டும் முதலில் கேட்டு வாங்கும். இன்ன பெயரில், இவ்வளவு பருமனில் ஒரு கோப்பு உள்ளது என்ற விவரம் அந்த அமைப்பிலேயே வந்துவிடும். கோப்பின் உள்ளடக்கமோ நீங்கள் தொடும்போதுதான் இறங்கத் தொடங்கும். பழைய கணக்கின் கடவுச்சொல் மாறியிருந்தாலும், அனுமதி காலாவதியாகியிருந்தாலும், கணக்கே மூடப்பட்டிருந்தாலும் பெயர் மாத்திரம் மிஞ்சும். வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, வீட்டுக்குள் ஆள் இல்லை என்பது போல.

செய்ய வேண்டியது இது. ஒரு கணினியில் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஐமாப் முறையில் சேருங்கள். பழைய கணக்கின் அமைப்பில், கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திருக்கும் தெரிவை இட்டு, முழுவதும் இறங்கும்வரை காத்திருங்கள். பத்து வருடக் கடிதங்களென்றால் ஓர் இரவு முழுவதும் போகலாம். பிறகு கோப்புறைகளைப் புதிய கணக்குக்குப் பிரதி செய்யுங்கள். நகர்த்த வேண்டாம், பிரதி மட்டும். இறுதியாக இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வெவ்வேறு வருடங்களைச் சேர்ந்த ஐந்து கடிதங்களின் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். தொடர்பில்லாத நேரத்தில் திறப்பதுதான் உங்கள் கையில் இருப்பது. அதற்குப் பிறகும் மூன்று மாதமாவது பழைய கணக்கை உயிரோடு வைத்திருங்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இடப்பெயர்வுகளில் உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. பிற்பாடு தேடியெடுத்த பிரதியை ஸ்கான் செய்து தமக்குத் தாமே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தவர்களுக்கு அந்தப் பெட்டிதான் இரும்புப் பெட்டகம். என் சொந்த மாமியின் பெர்மிற் பிரதி, நான் அவசரப்பட்டு மூடிய ஒரு கணக்கோடு போனது. புதிதாக எடுக்க அவர் நான்கு தடவை பிரதேச செயலகப் படியேறினார்.

பாடசாலை அதிபர், மல்லாவி: எங்கள் புதிய சேவை 25 மெகாபைற் வரை அனுப்பலாம் என்கிறது. 22 மெகாபைற் கோப்பு ஒன்றை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். 552 என்ற எண்ணுடன் திரும்பி வந்துவிட்டது. அவர்களுடைய எல்லையும் 25தானாம்.

அம்மா, நல்ல கேள்வி. மின்னஞ்சல் 1982ஆம் ஆண்டின் விதிகளில் வெறும் ஆங்கில எழுத்துகளைச் சுமப்பதற்காக அமைக்கப்பட்டது. படங்களையும் ஆவணங்களையும் அதே வண்டியில் ஏற்றுவதற்காகத் தொண்ணூறுகளில் மைம் என்ற முறை வந்தது. அதன்படி கோப்பின் ஒவ்வொரு மூன்று பைற்றும் நான்கு எழுத்துகளாக மாற்றப்படுகிறது. 76 எழுத்துகளுக்கு ஒரு வரி முறிவும் சேர்கிறது. ஆகவே கோப்பின் எடை ஏறத்தாழ 37 சதவீதம் கூடிவிடும். உங்கள் 22, வழியில் 30 ஆகிவிட்டது. சில சேவைகள் கோப்பின் எடையைப் பார்க்கின்றன, சில சேவையகங்கள் பொதியிட்டபின் உள்ள எடையைப் பார்க்கின்றன. உங்கள் சேவை முதல் வகை, அந்த அலுவலகம் இரண்டாம் வகை. 552 என்பது பெரும்பாலும் "பருமன் மிகுதி" என்று மறுமுனை சொல்வதாகும்.

அனுப்புபவரின் எல்லையை மட்டும் பார்த்துப் பயனில்லை. பல நிறுவனங்கள் பயன்படுத்தும் போஸ்ட்பிக்ஸ் என்ற சேவையக மென்பொருளின் இயல்பான எல்லை 10,240,000 பைற்றுகள். யாரும் அதைக் கூட்டி வைக்காவிட்டால் 7 மெகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பு போய்ச் சேருவது சந்தேகம். எனவே ஸ்கான் செய்யும்போதே குறையுங்கள். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் எடுத்தால், சுருக்குவதற்கு முன் அது 26 மெகாபைற். எழுத்து மட்டுமுள்ள சுற்றறிக்கைக்கு 200 புள்ளியில் கறுப்பு வெள்ளை தாராளமாகப் போதும்.

கமக்காரர் அமைப்பின் கணக்காளர், விசுவமடு: புதிய சேவைக்கு வந்ததிலிருந்து, ஒருவர் அனுப்பும் எக்செல் கோப்புகள் எல்லாம் "வின்மெயில் டற்" என்ற பெயரில் வருகின்றன.

அனுப்புபவர் அவுட்லுக்கில் "ரிச் டெக்ஸ்ட்" வடிவில் எழுதுகிறார். அப்போது இணைப்புகள் அனைத்தும் மைக்ரோசொப்ட்டுக்கே உரிய ஒரு பொதிக்குள் அடைக்கப்படும். முன்பு நீங்களும் அவுட்லுக்கில் வாசித்ததால் அது தானாகப் பிரிந்தது. அவரிடம் கடித வடிவத்தை எச்டிஎம்எல் ஆக மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

தனியார் கல்வி நிலைய ஆசிரியை, முள்ளியவளை: மின்னஞ்சல் மாற்றியபின் டேற்றா விரைவில் முடிகிறது. இணைப்புகள்தான் காரணமா?

இருக்கலாம் தங்கச்சி. மென்பொருள் மூலம் 10 மெகாபைற் அனுப்பினால் அது ஒருமுறை பெறுநரை நோக்கிப் போகிறது. பின்னர் "அனுப்பியவை" கோப்புறையில் பிரதி வைப்பதற்காக அதே கோப்பு இன்னொரு முறை மேலேறுகிறது. ஜிமெயில் தன் வழியாகப் போகும் கடிதத்துக்குத் தானே பிரதி வைத்துக்கொள்ளும் என்பதால், மென்பொருளில் பிரதி வைக்கும் தெரிவை அணைத்துவிடலாம்.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: பழைய கடிதங்களின் இணைப்புகள் திறக்கவில்லை.

முதலாவது பதில்.

பட்டதாரிப் பயிலுநர், கிளிநொச்சி: தமிழில் பெயரிட்ட கோப்புகள் மறுமுனையில் கேள்விக்குறிகளாகப் போகின்றன.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோட்டின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற். "கிளிநொச்சி" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்துகள். கணினிக்குப் பத்துக் குறிகள், 30 பைற்றுகள். கடிதத்தின் தலைப்பகுதியில் சதவீதக் குறியிட்டு எழுதும் முறையில் அதுவே 90 எழுத்துகளாக நீளும். பழைய மென்பொருள்கள் இதைத் தாங்குவதில்லை. லினக்ஸ் சேவையகங்களிலும் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைற்றுகளே எல்லை. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் தமிழில் எழுதுங்கள். அலுவலகத்துக்கு அனுப்பும் கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள்.

முகாமைத்துவ உதவியாளர், துணுக்காய்: பெயர் சரி, கோப்பும் திறக்கிறது. ஆனால் புதிய மின்னஞ்சலுக்கு வந்தபின் உள்ளே தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கிறது.

சேவை மாறியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கோப்பு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்படுகிறது. மின்னஞ்சலோடு கணினியையும் மாற்றியிருப்பீர்கள். புதிய கணினியில் போர்வை இல்லை.

இதற்கு அச்சக உரிமையாளர் ஒருவர், வவுனியாவிலிருந்து: பாமினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். வன்னியில் கல்யாண அழைப்பிதழ் முதல் அந்தியேட்டி மலர் வரை அதில்தான் அச்சானது. பேஜ்மேக்கரில் யுனிகோட் தமிழை ஒட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் எங்கே போகின்றன என்று தெரியும்.

ஐயா, பேஜ்மேக்கர் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அந்த மென்பொருளுக்கு யுனிகோட் தமிழ் தெரியாது. அச்சகத்துக்குள் பாமினி இருப்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. மின்னஞ்சலில் ஏறும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது.

அவரே மீண்டும்: எழுத்துருக் கோப்பையும் கூடவே இணைத்து அனுப்பினால் முடிந்தது. இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

அச்சகத்திலிருந்து அச்சகத்துக்கு அது சரிவரும். அலுவலகக் கணினியில் எழுத்துருவை நிறுவப் பெரும்பாலும் நிர்வாகியின் அனுமதி வேண்டும். அந்த நிர்வாகி கொழும்பில் இருப்பார். கைபேசியில் திறப்பவரோ எங்கே கொண்டுபோய் நிறுவுவார்? இன்னொன்றும் உண்டு. பாமினியில் அடித்த கடிதத்தைப் பெட்டிக்குள் "நெல்" என்று தேடினால் கிடைக்காது, ஏனெனில் அந்தச் சொல் அங்கே இல்லவே இல்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தட்டெழுத்தாளர் குறுக்கிட்டு: விரல் பாமினிக்குப் பழகிவிட்டதே, இந்த வயதில் மாற்றச் சொல்கிறீர்களா?

விரலை மாற்ற வேண்டியதில்லை அக்கா. இ-கலப்பை போன்ற விசைப்பலகை மென்பொருளில் பாமினி அமைப்பைத் தெரிவுசெய்தால், அதே விசைகளை அழுத்தி யுனிகோட்டைப் பெறலாம். அச்சக ஐயாவுக்கும் ஒரு சமரசம் சொல்கிறேன். பாமினியிலேயே வடிவமையுங்கள், ஆனால் எழுத்துரு உட்பொதிக்கப்பட்ட பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கண்ணுக்கு எங்கும் சரியாகத் தெரியும். தேடல் மட்டும் வேலை செய்யாது. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

மென்பொருள் பயிலும் மாணவன், வவுனியா: புதிய ஜிமெயிலில் என் செயலிக் கோப்பை சிப் பொதியாகச் சுருக்கி அனுப்பினாலும் தடுக்கிறது.

இயங்கு கோப்புகளை சிப்புக்குள் வைத்தாலும் ஜிமெயில் தடுக்கும். கூகுள் டிரைவில் ஏற்றி இணைய முகவரியை அனுப்புங்கள் தம்பி. பெயரின் வாலை மாற்றி ஏமாற்றும் வேலை வேண்டாம்.

பரந்தன்: அவுட்லுக் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது, ஜிமெயில் இணைப்பை அனுப்ப முடியவில்லை.

இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லை அந்த இடத்தில் இடுங்கள். உள்ளூர்தானே, முடியாவிட்டால் கடைக்கு வாருங்கள்.

முழங்காவில்: கனடாவிலுள்ள மகன் ஐபோனிலிருந்து அனுப்பும் படங்கள் கணினியில் திறக்கவில்லை.

அது 2017 முதல் ஐபோன் பயன்படுத்தும் எச்ஈஐசி வடிவம். கமரா அமைப்பில் "மிக ஒத்திசைவான" என்ற தெரிவை இடச் சொல்லுங்கள், ஜேபெக் ஆக வரும்.

நெடுங்கேணி: பழைய கணக்கின் கடவுச்சொல் மறந்துவிட்டது, திறந்து தருவீர்களா?

இல்லை. அந்தச் சேவையின் மீட்புப் பக்கம் மட்டுமே வழி. பணம் வாங்கிக்கொண்டு திறந்து தருவதாகச் சொல்பவர்களிடம் போக வேண்டாம்.

பூநகரி, அக்கராயன், மடு ஆகிய இடங்களிலிருந்து மூவர்: பழைய இணைப்புகள் திறக்கவில்லை; கணக்கை மூடலாமா?

முதலாவது பதில், முதலாவது பதில், முதலாவது பதில். மூடாதீர்கள். அத்துடன் மறந்துபோய் விட்டுவிடவும் கூடாது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கி வருகிறது. இடைக்கிடை உள்நுழைந்து பாருங்கள்.

ஒட்டுசுட்டான் ஐயா மீண்டும்: நீங்கள் சொன்னபடி உள்பெட்டியைப் பிரதி செய்து, இணையத்தைத் துண்டித்துப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று திறந்தன. மூன்று கடிதங்களில் கோப்பின் பெயர் எழுத்தாக மட்டும் நிற்கிறது, தொடுவதற்கே ஒன்றும் இல்லை.

அந்த மூன்றும் உங்களுக்கு வந்த பதில் கடிதங்களா என்று பாருங்கள் ஐயா. ஒருவர் பதில் எழுதும்போது இணைப்பு திரும்பி வராது. மேற்கோளாக வரும் பழைய கடிதத்தில் அதன் பெயர் மட்டும் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். மூலக் கோப்பு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் பிரதி செய்தது உள்பெட்டியை மட்டும் என்பதால் "அனுப்பியவை" கோப்புறை இன்னும் யாகூவில்தான் கிடக்கிறது. கணக்கை மூடாமல் வைத்திருக்கிறீர்கள்தானே, இன்றிரவே அதையும் இறக்கிவிடுங்கள்.