கம்ப்யூட்டரை விட்டு லேபுக்கு வரலாமா? வாசகர் கேள்விகள்

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துச் சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். ஊர் திரும்பி டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னீஷியனுக்கான டிப்ளமோ) படிக்கலாமா? (தேவகோட்டை)

பி.இ. சான்றிதழை ஓரமாக வையுங்கள், பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுங்கள். இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் இருக்கிறதா? இரண்டு வருட டி.எம்.எல்.டி. என்றாலும் பி.எஸ்சி. எம்.எல்.டி. என்றாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வயது வரம்பை அந்தந்த வருடக் கையேட்டில் பாருங்கள். ஆறு மாதத்தில் சர்டிபிகேட் என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். இணை மருத்துவப் பணியாளர்களுக்கான 2021 மத்தியச் சட்டம் பதிவைக் கேட்கிறது. அங்கீகாரமில்லாத படிப்பு அங்கே செல்லாது.

ஏழெட்டு வருடமாக ஐ.டி.யில் இருக்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் படிக்கவில்லை. லேப் பக்கம் வரவே முடியாதா? (பள்ளத்தூர்)

வரலாம், வேறு வாசல் வழியாக. லேபில் உள்ள அனலைசர்கள், அதாவது ரத்தத்தைச் சோதிக்கும் மெஷின்கள், முடிவுகளை லேப் மென்பொருளுக்கு அனுப்புவது ஏ.எஸ்.டி.எம்., எச்.எல்.7 என்ற தகவல் பரிமாற்ற முறைகளில். அந்த இணைப்பைப் போடவும், பார்கோடு குழப்பத்தைச் சரிசெய்யவும், ஒரே நோயாளிக்குப் போன வாரம் வந்த முடிவும் இன்று வந்ததும் பொருந்தாமல் போனால் எச்சரிக்கும் விதிகளை எழுதவும் ஆள் தேவை. ஏழெட்டு வருட அனுபவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் வருட மாணவியாக உட்காருவதைவிட இதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

மெஷின்தானே எல்லாம் செய்கிறது, டெக்னீஷியனுக்கு என்ன வேலை? (காரைக்குடி)

மெஷினுக்குள் போவதற்கு முன்னால்தான் பாதி வேலை. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும்; ரத்தம் எடுத்தவர் அதோடு சரியாகக் கலக்காமல் விட்டால் உள்ளே சின்ன ரத்தக்கட்டி விழும், தட்டணுக்கள் அதில் சிக்கிக்கொள்ளும். மெஷின் அதைச் சொல்லாமல் போகலாம்; தட்டணுக்கள் வெறும் நாற்பதாயிரம் என்று அச்சடித்துவிடும், வீட்டில் டெங்கு பயம் கிளம்பும். டியூபைத் திறந்து குச்சியால் துழாவிப் பார்ப்பதும், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து (ஸ்மியர்) மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் மனிதர் வேலை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இன்னொன்று. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் ஆச்சி மட்டும். ரத்தம் எடுக்க வீட்டுக்கே போக வேண்டும். கானாடுகாத்தானில் எடுத்ததைச் சாதாரண டியூபில் வைத்து வெயிலில் வண்டியில் சுற்றிவிட்டு வந்தால், செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அளவு குறைத்துக் காட்டும். அதற்குத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரச் சரிவை முழுதாகத் தடுக்காது. அதனால் அடுத்த வீட்டில் காபி குடித்துவிட்டு வரலாம் என்று உட்காராதீர்கள்.

"சம்பளம் பாதியாகிவிடும்" என்கிறார் அப்பச்சி. (கொத்தமங்கலம்)

பாதியோடு நின்றால் அதிர்ஷ்டம். படிக்கும் காலத்தில் வருமானமே இருக்காது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஊசி குத்திக்கொண்டால் நோய் தொற்றுமா? பயமாக இருக்கிறது. (கோட்டையூர்)

தொற்றலாம். படிப்பில் சேரும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பியுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதம் மூன்றாவது. அப்புறம் ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் லேபில் இருப்பவர்களே செய்யாமல் விடுகிறார்கள். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.